முதல் மணல் ஓட்டம்: மதாமா, மிலேஹாவா, ஹஃபீத்தா?

துபாயிலும் ஷார்ஜாவிலும் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருக்கும் நம் ஆட்கள் பலர் அதை வைத்துச் செய்யும் பெரிய சாகசம், பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை மேல் கொஞ்சம் வேகமாக ஏற்றி இறக்குவதுதான். நானும் நான்கு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். கியருக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் குட்டி லீவர் எதற்கு என்றுகூடக் கேட்டதில்லை. பிறகு மணலில் இறங்க ஆரம்பித்து, மாட்டி, இழுபட்டு, கொஞ்சம் கற்றுக்கொண்டேன். இப்போது அக்டோபர் பிறந்தால் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "முதல் தடவை பாலைவனத்துல இறங்கணும். சும்மா மணல் மட்டும் வேண்டாம், பிள்ளைங்களுக்குக் காட்ட ஏதாவது இருக்கணும். எங்க போகலாம்?"

காட்ட ஏதாவது என்றால் இந்தப் பக்கத்தில் இரண்டு இருக்கின்றன. கடலாக இருந்த காலத்துப் புதைபடிவங்கள் ஒன்று, மனிதர்கள் விட்டுப்போன இடிபாடுகள் இன்னொன்று. இவற்றில் ஒன்றையாவது தொட்டுக்கொண்டு, புதியவர் கையிலும் வண்டி பத்திரமாகத் திரும்பி வரும்படி ஓட்டக்கூடிய இடங்கள் என்று பார்த்தால் மூன்று தேறும்: அல் மதாமில் மணல் மூடிய கிராமம், ஃபாசில் ராக் இருக்கும் மிலேஹா, அல் ஐனில் ஜெபல் ஹஃபீத் அடிவாரம். நான்காவதாக எல்லோரும் பிக் ரெட்டைச் சொல்வார்கள். அதை முதலிலேயே கழித்துவிடுகிறேன். ஏன் என்று சொல்ல என் மானத்தைக் கொஞ்சம் விற்க வேண்டியிருக்கிறது.

பிக் ரெட் இருப்பது துபாய்–ஹத்தா சாலையில், அல் படாயரில். கிட்டத்தட்ட 100 மீட்டர் உயர மணல்மேடு. மணலில் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் மாலை வெயிலில் செங்கல் பொடி கொட்டி வைத்த மாதிரி சிவக்கும். சாலையிலிருந்தே தெரியும் என்பதால் எல்லோரும் அங்கேதான் முதலில் போய் நிற்கிறார்கள். நானும் நின்றேன். டயரில் ஹைவேக்கு அடித்த காற்று அப்படியே இருந்தது. யூடியூபில் பார்த்ததை நம்பி ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். பாதி ஏற்றத்தில் வேகம் செத்தது. இன்னும் மிதித்தேன். நான்கு சக்கரமும் ஆளுக்கொரு குழி தோண்டி, வண்டி வயிற்றை மணலில் வைத்து உட்கார்ந்துகொண்டது. மேலேயிருந்து குவாட் பைக்குகள் இறங்கி வருகின்றன, பக்கத்தில் ஒரு பெரிய லேண்ட் குரூசர் என் மேல் மணலை வாரி இறைத்துக்கொண்டு ஏறிப் போகிறது, பின் சீட்டில் என் மாமியார் கந்த சஷ்டி கவசத்தை ஆரம்பித்துவிட்டார்.

ராமநாதபுரத்துப் பையன் ஒருவன்தான் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும்.

"அண்ணே, டயர்ல எவ்ளோ காத்து வச்சிருக்கீங்க?"

"முப்பத்தஞ்சு."

"நீங்க ஓரமா உக்காந்து டீ குடிங்கண்ணே. நான் பாத்துக்கிறேன்."

பத்து நிமிஷத்தில் நான்கு டயரிலும் காற்றைப் பதினைந்துக்கு இறக்கினான். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மண்ணை வாரினான். வண்டியைப் பின்னோக்கி, வந்த தடத்திலேயே, பூப்போல இறக்கினான். இழுவைக்குக் கயிறே தேவைப்படவில்லை. அன்று மணல் என்னை ஒன்றும் செய்யவில்லை, நான் தேர்ந்தெடுத்த இடமும் டயர் காற்றும்தான் செய்தன. பிக் ரெட்டில் செங்குத்து அதிகம், கூட்டம் அதிகம், மேட்டின் மறுபக்கத்திலிருந்து யார் வருகிறார்கள் என்பது தெரியாது. போதாததற்குப் புதைபடிவமும் இல்லை, இடிபாடும் இல்லை. பழகிய பிறகு போங்கள்.

அதற்குப் பின் ஒரு இடத்தைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது, அங்கே வண்டி மாட்டினால் தார்ச்சாலைக்கு எத்தனை நிமிஷம் நடக்க வேண்டும் என்பதை. புதியவர் மாட்டாமல் திரும்புவது நடக்காத காரியம். மாட்டுவது மலிவாக முடியும் இடத்தில் மாட்ட வேண்டும்.

மதாம்: கதவைத் திறந்தால் மணல்

அந்தக் கணக்கில் முதலிடம் மதாமுக்கு. துபாயிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஹத்தா சாலையை விட்டு இறங்கியபின் சில கிலோமீட்டர்தான் மணல் தடம். பெரிய மேடு எதுவும் கிடையாது. அலை அலையாக இடுப்புயர, ஆளுயர மணல், நடுவில் பல வண்டிகள் போய்ப் போய் இறுகிய தடம். தடத்தை விட்டு இரண்டு பக்கமும் இறங்கி இறங்கி ஏறலாம். பயந்தால் மறுபடி தடத்துக்கு வந்துவிடலாம். மாட்டினாலும் சாலையில் போகும் லாரிச் சத்தம் கேட்கும் தூரம்தான். வண்டியே வேண்டாம் என்றால் காலையில் நடந்தேகூடக் கிராமத்தை அடையலாம். பலர் அப்படித்தான் போகிறார்கள்.

கிராமம் என்பது 1970களில் பதூ என்ற பாலைவன நாடோடி மக்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்பு. ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு வரிசை வீடுகள், வரிசையின் முடிவில் ஒரு பள்ளிவாசல். அல் குத்பி குலத்தவர் இங்கே வசித்தார்கள். இருபது வருஷம் போல இருந்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். ஜின் விரட்டியது, உம் துவைஸ் என்ற பெண் பேய் பூனைக் கண்ணோடு வந்தாள் என்றெல்லாம் கதை சொல்வார்கள். எனக்கென்னவோ ஒரு வீட்டுக்குள் நுழைந்து பார்த்ததும் பேய் தேவைப்படவில்லை. வாசற்கதவு பாதி திறந்தபடி மணலில் புதைந்து நிற்கிறது. இனி அது மூடவும் செய்யாது, திறக்கவும் செய்யாது. உள்ளே சுவரில் வெளிர் நீலச் சுண்ணாம்பு இன்னும் இருக்கிறது. ஜன்னல் வழியாக வந்த மணல் அறையின் ஒரு மூலையில் கூரை வரைக்கும் ஏறி, அங்கிருந்து வாசலைப் பார்த்துச் சரிந்திருக்கிறது. அந்தச் சரிவில் ஏறி நின்றால் மின்விசிறி மாட்டும் கொக்கி நெற்றியில் இடிக்கிறது. வீட்டுக்குள்ளேயே காற்று வரைந்த வரிகள், அதன் மேல் ஒரு வண்டு நடந்துபோன புள்ளித் தடம். தினமும் காலையில் எழுந்து முறத்தில் இதை வாரிக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவை நினைத்துப் பாருங்கள். என்றாவது ஒரு நாள் முறத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார்.

பிள்ளைகளுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். புரிந்துகொள்ள வரலாறு தெரிய வேண்டாம், கண்ணால் பார்த்தாலே போதும். குறை என்றால், இங்கே புதைபடிவம் கிடையாது. இடிபாடும் ஐம்பது வயதுக்காரர்தான். இடிபாடு என்றாலே ஆயிரம் வருஷமாவது இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். சனி, ஞாயிறு மாலையில் போட்டோ எடுக்க வரும் கூட்டத்தில் அமானுஷ்யமெல்லாம் ஓடிவிடும். காலை ஏழு மணிக்குப் போங்கள்.

மிலேஹா: எல்லாம் இருக்கிறது, அதுதான் சிக்கல்

மதாமிலிருந்து தைத் நகருக்குப் போகும் ஈ55 சாலையில் வடக்கே சுமார் 20 கி.மீ. போனால் மிலேஹா. புதைபடிவம், இடிபாடு, மணல் மூன்றும் ஒரே பார்வையில் கிடைக்கும் இடம் இந்த நாட்டில் இதைவிட வேறு எனக்குத் தெரியவில்லை. சிவந்த மணலுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும் சுண்ணாம்புப் பாறைதான் ஜெபல் மிலேஹா. எல்லோரும் ஃபாசில் ராக் என்பது இதைத்தான்.

அந்தப் பாறை வந்த கதை விசித்திரமானது. ஓமான் மலைகளில் ஒரு பகுதி முன்பு ஆழ்கடல் தரையாக இருந்தது. கண்டத் தட்டுகள் மோதியபோது கடலின் அடித்தரையே ஒரு பெரிய தட்டாகப் பெயர்ந்து நிலத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. கறுத்த பச்சையாகத் தெரியும் பாறைகள் அவை. அப்புறம் அதன் மேலேயும் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல் பரவியது. சுமார் 7 கோடி ஆண்டுக்கு முன், டைனோசர்களின் கடைசிக் காலத்தில், அந்தக் கடலில் வாழ்ந்தவற்றின் ஓடுகள் படிந்து சுண்ணாம்புக்கல்லானது. பவளம், நத்தை, கடல் முள்ளெலி (உருண்டை உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் சீ அர்ச்சின்), அப்புறம் ரூடிஸ்ட் என்ற இரட்டை ஓட்டுச் சிப்பி. மாட்டுக்கொம்பு மாதிரி வளர்ந்து, பவளத்துக்குப் பதிலாகத் தானே திட்டுத்திட்டாகக் கடலடியில் கூட்டம் போட்டுக்கொண்ட இனம் இது. டைனோசர்கள் போன அதே அழிவில் இதுவும் போய்விட்டது.

அரியலூர் பக்கத்துக்காரர்களுக்கு இந்தப் பட்டியல் எங்கேயோ கேட்டதாக இருக்கும். சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டும் குழிகளில் வரும் சிப்பியும் முள்ளெலியும் ஏறத்தாழ இதே காலத்தவை. வாரணவாசி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்களே, அவைதான். இரண்டு ஊரும் அன்று வேறு வேறு கடலோரம், காலம் மட்டும் ஒன்று.

புதைபடிவத்தைப் பார்க்க ஒரு வித்தை உண்டு. நடுப்பகலில் பாறையைப் பார்த்தால் பாறைதான் தெரியும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது கல்லின் பக்கவாட்டில் கண்ணை வையுங்கள். கொஞ்சம் தண்ணீரைத் தெளியுங்கள். சாம்பல் கல் கறுக்கும், அதில் ஓடு மட்டும் வெளிறி எழும். முதலில் நத்தையின் சுருள் அகப்படும். கண் பழகிய பிறகுதான் கடல் முள்ளெலி சிக்கும்: பாதி எலுமிச்சம்பழ அளவில் ஒரு குமிழ், அதன் மேல் ஐந்து இதழ்ப் பூ ஒன்றை ஊசியால் குத்திக் குத்தி வரைந்த மாதிரி. என் மகள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பையில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். கூடாது. இது பாதுகாக்கப்பட்ட நிலம். போட்டோ எடுத்துக்கொண்டு அதே இடத்தில் வைத்துவிட்டு வர வேண்டும்.

இடிபாட்டுக் கணக்கிலும் மிலேஹாவை மிஞ்ச ஆளில்லை. 2016இல் திறந்த தொல்லியல் மையக் கட்டடமே சுமார் 4,300 ஆண்டு பழைய, உம் அன்-நார் என்ற வெண்கலக் காலப் பண்பாட்டின் வட்டக் கல்லறை ஒன்றை அணைத்தபடி கட்டப்பட்டிருக்கிறது. சற்றுத் தள்ளிக் கிறிஸ்துவுக்கு முந்தைய கோட்டையின் அடித்தளம். எசமானரோடு மண்டியிட்ட நிலையிலேயே புதைத்த ஒட்டகங்கள், தங்க அணிகலன்களோடு புதைத்த குதிரை எல்லாம் இங்கே தோண்டி எடுத்தவை. 2015இல் கிடைத்த ஒரு கல்வெட்டு கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த, ஓமான் அரசரின் அதிகாரி ஒருவரைப் பற்றிப் பேசுகிறது. இரண்டு மொழிகளில் பொறித்திருக்கிறார்கள். பக்கத்து ஃபாயா மலையடிவாரத்தில் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்து ஹான்ஸ்-பீட்டர் ஊர்ப்மன் குழு தோண்டிய கற்கருவிகள் 1,25,000 ஆண்டு பழையவை என்று 2011இல் அறிவித்தார்கள். ஆப்பிரிக்காவை விட்டு மனிதன் கிளம்பியது எப்போது, எந்த வழியாக என்ற விவாதத்தையே அது கிளறிவிட்டது. அன்று இங்கே மழை இருந்தது, புல்வெளி இருந்தது. 2025 ஜூலையில் ஃபாயா நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இவ்வளவு இருந்தும் புதியவருக்கு முதலிடம் என்று இதைச் சொல்ல எனக்குக் கை வரவில்லை. இரண்டு காரணங்கள். பாறையைச் சுற்றியிருக்கும் மணல் மதாம் மணல் மாதிரி இல்லை. பாறையில் மோதித் திரும்பும் காற்று மணலைக் கிண்ணம் கிண்ணமாகக் குடைந்து வைத்திருக்கிறது. கிண்ணத்துக்குள் இறங்குவது சுலபம். ஏறி வெளியே வர வேகமும் வளைவும் கணக்குப் பிசகாமல் இருக்க வேண்டும். பாறையின் தோள் மீது வண்டி ஏற்றுவது அனுபவசாலிகளின் வேலை. இரண்டாவது காரணம் அனுமதி. முன்பெல்லாம் மதாமில் இறங்கி மணலிலேயே ஃபாசில் ராக் வரை வந்துவிடுவார்கள். பழைய வீடியோக்களில் அந்தத் தடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே கிளம்பிவிடாதீர்கள். பாதுகாப்புப் பகுதியான பிறகு வழிகள் மாறியிருக்கின்றன. வேலி குறுக்கிட்டால் அதைச் சுற்றி வழி தேடுவது வீரம் கிடையாது. தொல்லியல் மையத்தில் முன்கூட்டியே கேளுங்கள், அவர்களுடைய வண்டியிலேயே ஏறிக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்காது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய டிரைவர் எப்போது காலை எடுக்கிறார், மேட்டின் உச்சியில் எவ்வளவு மெதுவாகப் போகிறார் என்று ஒரு மணி நேரம் பார்ப்பது நாலு தடவை மாட்டிக் கற்பதற்குச் சமம்.

மதாமுக்கும் மிலேஹாவுக்கும் இடையே, அதே ஈ55 ஓரத்தில், பலரும் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும் இடம் ஒன்று இருக்கிறது: புஹைஸ் புவியியல் பூங்கா. 2020இல் திறந்தார்கள். முள் முள்ளாகக் கவிழ்த்து வைத்த கிண்ணங்கள் மாதிரி ஐந்து கட்டடங்கள். இங்கே கிடைத்த கடல் முள்ளெலிப் புதைபடிவத்தைப் பார்த்துத்தான் அந்த வடிவத்தையே யோசித்திருக்கிறார்கள். உள்ளே ஏசி, வெளியே பாறைகளைப் பார்த்தபடி நடைபாதை. மணலில் சக்கரம் வைக்காமலே புதைபடிவம் பார்த்து முடித்துவிடலாம். ஏழாயிரம் ஆண்டுக்கு முந்தைய இடுகாடு ஒன்றைத் தோண்டியதும் இந்த மலையடிவாரத்தில்தான். வண்டியில் தாத்தா பாட்டி இருந்தால் எனக்கு இதுவே முதல் தேர்வு.

ஹஃபீத்: மணல் வேண்டாதவர்களுக்கு

அல் ஐன் துபாயிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஜெபல் ஹஃபீத்தின் கிழக்கு அடிவாரத்தில் ஐயாயிரம் ஆண்டு பழைய கல்லறைகள் வரிசையாகக் கிடக்கின்றன. செதுக்காத கற்களை அடுக்கித் தேன்கூடு மாதிரி கட்டியவை. 1959 முதல் டென்மார்க் தொல்லியலாளர்கள் தோண்டினார்கள், உள்ளேயிருந்து மெசபடோமியா மட்பாண்டங்கள் வந்தன. தாமிரம் விற்கப் போனவர்கள் பானை வாங்கி வந்திருக்கிறார்கள் என்று ஊகிக்கிறார்கள். 2011இல் அல் ஐனின் மற்ற பண்பாட்டு இடங்களோடு சேர்த்து இதுவும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மலையிலும் கடல் புதைபடிவங்கள் உண்டு, மிலேஹாவைவிட இளையவை. நம்முலைட் என்ற ஒற்றைச் செல் கடலுயிரியின், நாணயம் போலத் தட்டையான ஓடுகளைத் தேடுங்கள். எகிப்துப் பிரமிடுகளின் சுண்ணாம்புக்கல்லிலும் இந்த இனம்தான் நிறைந்திருக்கும்.

ஆனால் ஓட்டுவது என்று பார்த்தால் இது சரளைக்கல் பூமி. மணலில் மிதக்கும் அந்த உணர்வு கிடைக்காது. சாதாரண காரோ, உயரம் குறைந்த எஸ்யூவியோ வைத்திருப்பவருக்கு இதுதான் பொருத்தம். அடிவாரத்திலுள்ள பாலைவனப் பூங்காவில் கூடாரம் போட்டு இரவு தங்கவும் முடியும். மணல் ஓட்டப் பழக வேண்டும் என்று கிளம்பியவர் அவ்வளவு தூரம் வந்து சரளையில் உருட்டிவிட்டுப் போனால் மனசு ஆறாது.

அபுதாபி அல் வத்பாவில் ஃபாசில் டியூன்ஸ் என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். பெயரில்தான் ஃபாசில். மணல்மேடே ஈரமும் கால்சியம் கார்பனேட்டும் சேர்ந்து இறுகிக் கல்லான இடம் அது. சிப்பி, முள்ளெலி தேடிப் போகாதீர்கள். பார்க்க அழகு. நடந்துதான் பார்க்க வேண்டும்.

வண்டி, காற்று, கூட்டாளி

இடத்தைவிட இந்த மூன்றும்தான் நாளைத் தீர்மானிக்கும். வண்டியில் முதலில் லோ கியர், அதாவது மெதுவாகப் போகும்போது இழுவையைக் கூட்டித் தரும் கியர், இருக்கிறதா என்று பாருங்கள். ஆல் வீல் டிரைவ் என்று பின்னால் எழுதியிருக்கும் நகரத்து எஸ்யூவிகள் மதாம் தடத்தில் சமாளிக்கும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் முன்பக்கப் பிளாஸ்டிக் பம்பரை மணலில் விட்டுவிட்டு வர வேண்டியதுதான். வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தில் ஆஃப் ரோடு கூடாது என்று பெரும்பாலும் இருக்கும். சொந்த வண்டியானாலும் இன்ஷூரன்ஸில் ஆஃப் ரோடு சேர்ந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். கேட்காமல் போய் பம்பர் செலவை மொத்தமாகக் கையிலிருந்து கொடுத்தவன் நான்.

டயர் காற்று 15 பிஎஸ்ஐ. ஹைவேயில் 33, 35 என்று ஓடும் டயரை இதற்கு இறக்கும்போது அது நீளவாக்கில் படர்ந்து, ஒட்டகப் பாதம் மாதிரி மணல் மேல் பரவும். பாரம் பரவுவதால் புதையாது. 12க்குக் கீழே போனால் வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளக்கூடும். அதனால் கேஜ் ஒன்று வாங்குங்கள்; கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது கேஜ் ஆகாது. திரும்பும்போது தார்ச்சாலையில் ஏறும் முன் மறுபடி காற்றடிக்க வேண்டும், இதைச் சோம்பலில் தள்ளிப்போடாதீர்கள். காற்றில்லாத டயர் ஹைவே வேகத்தில் சூடேறி வெடிக்கும். கம்ப்ரெசர் இல்லாதவர்கள் பக்கத்துப் பெட்ரோல் ஸ்டேஷன் வரை ஊர்ந்து போக வேண்டியிருக்கும்.

ஓட்டும்போது நினைவில் வைக்க வேண்டியது, மணல்மேட்டுக்கு இரண்டு முகம் உண்டு என்பது. காற்று வரும் பக்கம் மெல்ல ஏறும், மணல் கெட்டி. மறுபக்கம் சட்டென்று இறங்கும், மணல் பொலபொலவென்றிருக்கும். இறங்கினால் நேராக இறங்குங்கள். குறுக்காகப் போனால் வண்டி உருளும். ஏற முடியாவிட்டால் திருப்பப் பார்க்காமல் வந்த தடத்திலேயே பின்னோக்கி இறங்குங்கள். நிறுத்துவதென்றால் முன்பக்கம் கீழே சாய்ந்த இடத்தில் நிறுத்துங்கள், கிளம்பச் சுலபம். சக்கரம் சுற்ற ஆரம்பித்த நொடியில் காலை எடுத்துவிடுங்கள். அந்த ஒரு நொடிதான் மண்வெட்டி வேலை ஐந்து நிமிஷமா ஒரு மணி நேரமா என்று முடிவு செய்கிறது. வெள்ளைத் தரையாகத் தட்டையாகத் தெரியும் சப்கா பக்கம் போகவே போகாதீர்கள். மேலே உப்பு ஓடு, கீழே சேறு. காஃப் என்ற பாலைவன மரங்களுக்குக் கீழே வேர்மேட்டில் ஏற்றாதீர்கள். ஒட்டகங்களைத் துரத்தாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்.

அப்புறம் கூட்டாளி. இரண்டு வண்டி இல்லாமல் மதாம் கிராமத்தைத் தாண்டி ஒரு அடிகூட வேண்டாம். இழுவைக் கயிறு, மண்வெட்டி, ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். மே முதல் செப்டம்பர் வரை இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

லோ கியர் உள்ள சொந்த வண்டி, கூட ஒரு நண்பர் வண்டி, ஒரே ஒரு நாள். இது உங்கள் நிலைமை என்றால் நான் சொல்வது மதாமும் மிலேஹாவும் சேர்ந்தது, ஆனால் இரண்டையும் மணலால் இணைக்காமல். விடியலில் மதாமில் காற்றை இறக்குங்கள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில்தான் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும்; உச்சி வெயிலில் எல்லாம் ஒரே தட்டையாகக் கண்ணை ஏமாற்றும். ஒன்பதரைக்குள் மணல் போதும். காற்றடித்துக்கொண்டு ஈ55 ஏறுங்கள். வழியில் புஹைஸ். வெயில் உரைக்கும் மதியத்துக்கு மிலேஹா தொல்லியல் மையத்தின் ஏசி. மாலையில் அவர்கள் வண்டியில் ஃபாசில் ராக், முன்பதிவு செய்துவிட்டு.

மணலில் ஓட்டும் ஆசை அவ்வளவாக இல்லை, வரலாறுதான் வேண்டும் என்றால் மதாமை விட்டுவிட்டு நேராக மிலேஹாவுக்கே போங்கள். சாதாரண கார்தான் என்றால் ஹஃபீத், இல்லையென்றால் புஹைஸும் மிலேஹா மையமும். இரண்டுக்கும் வாசல் வரை தார்தான். ஒரே வண்டி, புது டிரைவர், கைக்குழந்தை என்றால் மதாம் கிராமத்தைக் காலையில் நடந்து பாருங்கள், வண்டி சாலையோரமே நிற்கட்டும்.

போன மாதம் கேட்ட நண்பருக்கும் இதையேதான் சொன்னேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "பிக் ரெட்ல ஒரே ஒரு தடவை மட்டும் ஏத்திப் பாத்துட்டு மதாம் போயிடவா?" என்றார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து லொகேஷன் வந்தது. மண்வெட்டி என் வண்டியில் எப்போதும் இருக்கிறது. போகிற வழியில் இரண்டு கரக் டீ வாங்கிக்கொண்டேன்.